சிபியூ அக்காவின் விசாரணை

கம்ப்யூட்டர் செத்துப்போனால் எல்லாரும் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அவர் மட்டும் "யாரு?" என்று கேட்பார்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடியிருந்த நான்கு வருடங்களில் அந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஸ்க்ரூவைக் கழற்றுவார். பக்கத் தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைப்பார். உள்ளே டார்ச் அடித்து ஒரே ஒரு பார்வை. அப்புறம் குந்தி உட்கார்ந்த வாக்கிலேயே தலையை மட்டும் திருப்பி, அறையில் நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்ப்பார். கல்லாப்பெட்டி திறந்து கிடந்த கடையில் இன்ஸ்பெக்டர் பார்ப்பதுபோல இருக்கும். ஒரு தப்பும் செய்யாதவர்கள்கூட எச்சில் விழுங்குவார்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் நம்பர் கொடுத்தபோது "பார்லர் அக்கான்னு போட்டுக்கோங்க" என்றார். நான் "சிபியூ அக்கா" என்று போட்டுக்கொண்டேன். கடைசி வரைக்கும் அதுவே நின்றுவிட்டது.

பார்லர் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அக்கா பதினைந்து வருடம் பியூட்டி பார்லரில் வேலை செய்தவர். அந்தப் பார்லரில் பில் போடுகிற கம்ப்யூட்டர் வருடத்துக்கு ஒரு தடவை படுத்துவிடுமாம். வந்து பார்க்கிற ஆள் ஒவ்வொரு தடவையும் "போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போவானாம். நான்காவது தடவை அவனுக்குப் போன் செய்யாமல், புருவம் திருத்துகிற இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவே பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே வெட்டின முடியும் பவுடரும் ஹேர் ஸ்ப்ரேயும் சேர்ந்து எலிக்குட்டி அளவுக்கு ஓர் உருண்டை.

"போர்டு நல்லாதாம்பா இருந்துச்சு. மூச்சு முட்டிகினு கெடந்துச்சு. அதுக்கு போர்டு போச்சுன்னு சொன்னா இன்னா அர்த்தம்? மூக்கடப்புக்கு மூக்கையே எடுக்கிறதா?"

அதற்குப் பிறகு தொழிலை மாற்றிக்கொண்டார். சாமான்களை மாற்றவில்லை. அதே மேக்கப் பெட்டிதான். கன்னத்துக்குப் பூசுகிற பருத்த பிரஷ் விசிறி இறக்கைக்கு. புருவ பிரஷ் அலுமினியத் தகட்டு இடுக்குகளுக்கு. ஹேர் டிரையர் குளிர்ந்த காற்றுக்கு மட்டும். கூட ஒரு பள்ளிக்கூட ரப்பர், சூட்டைக் கடத்துவதற்குப் பூசுகிற ஒரு சின்ன டியூப் பேஸ்ட். மொத்த வேலைக்கும் அவர் வைத்திருந்த பெயர் "ஃபேஷியல்".

"இத்தினி வருஷம் மனுசங்க மூஞ்சில இருந்து அழுக்கு எடுத்தேன். ஒருத்தராவது சூடு கொறஞ்சு பேசினாங்களா? இதுக்கு எடுத்தா உடனே கொறையுது."

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார். அது செத்த இடத்திலேயே, அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் கூடி நிற்க, அங்கேயேதான் திறப்பார். ஆள் குறைந்தால் காத்திருப்பார். "பையன் குளிக்கிறானா? வரட்டும். எனக்கு அவசரமில்ல."

எங்கள் வீட்டுக்கு அவர் விசாரணைக்கு வந்தது ஒரு ஜூலை மாதம்.

என் மனைவி ரேவதி, திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு வீடியோவில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்காகவே வாங்கிய டெஸ்க்டாப். ஒரு வியாழக்கிழமை காலை, சமன்பாட்டின் பாதியில் அது இருண்டுபோனது. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆகவே என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்றபடி செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். வேறு பிளக்கில் சொருகினேன். பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினேன். பிறகு "வோல்டேஜ் பிரச்சனை" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"உங்க கம்பெனில நீங்க என்னதாங்க பண்றீங்க?" என்றாள் ரேவதி. கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அக்கா வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது, இறுகப் பின்னிய சடை, சல்வார் கமீஸ், தோளில் மேக்கப் பெட்டி. உள்ளே வந்ததும் என்னையும் ரேவதியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நம்பர் கொடுத்த ஹவுஸ் ஓனர், வேடிக்கை பார்க்க வாசற்படியில் நின்றுகொண்டார்.

"சாகறதுக்கு முன்னாடி சத்தம் போட்டுச்சா?"

"ஒரு மாசமா ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சுக்கா" என்றாள் ரேவதி.

"ஒரு மாசமா கத்தியிருக்குது. நீங்க இன்னா பண்ணீங்க?"

"மைக்க கொஞ்சம் கிட்ட வச்சுக்கிட்டேன்."

"சரி. அப்பறம்?"

"நடுவுல தானா ஆஃப் ஆகும். பத்து நிமிஷம் விட்டுப் போட்டா வந்துரும்."

"மயக்கம் போட்டு வுழுந்து வுழுந்து எந்திரிச்சிருக்கு. அப்பவும் எழுப்பி எழுப்பி வேல வாங்கியிருக்கீங்க." பெட்டியின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினார்.

விசிறிக்கும் அதன் அடியிலிருந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்திருந்தது. அக்கா அதை இடுக்கியால் ஓர் ஓரத்தில் பிடித்து, கிழியாமல் உரித்து எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது வீட்டு தூசி இல்ல. வீட்டு தூசின்னா உதுரும். இது நூலு. கறுப்பும் சாம்பலும்." பிறகு அந்தக் கேள்வி. "யாரு?"

நான் கால்களை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"தம்பி, ஆபீசுக்கு ஷூ போட்டுனு போவீங்களா?"

பெங்களூர் ஜூலையில் வாழ்ந்தவர்களுக்குத்தான் என் நிலைமை புரியும். மழையும் பெய்யாது, வெயிலும் அடிக்காது. நாள் முழுக்க ஒரு தூறல். துவைத்த சாக்ஸ் மூன்று நாளானாலும் காயாது. இரவிலும் அணைக்காமல் விடும் கம்ப்யூட்டரின் பின்பக்கம் இதமான வெதுவெதுப்பான காற்று வருவதை நான்தான் கண்டுபிடித்தேன். தினமும் இரவு ஒரு ஜோடியை அங்கே மாட்டிவிட்டு, காலையில் ரேவதி எழுவதற்குள் எடுத்துவிடுவேன். முழு வருட உழைப்பில் எனக்குத் தோன்றிய ஒரே சொந்த யோசனை அது.

"வெளிய போற சூட்ட சாக்ஸ் அடச்சிகிச்சு. அந்த சூடே நூலையும் கூட்டிகினு சுத்தி திரும்ப உள்ள வந்துச்சு" என்று அக்கா என் கண்டுபிடிப்பை விளக்கினார்.

ரேவதி என் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்த நாத்தம்?"

"எந்த நாத்தம்?"

"சாக்கடை நாத்தம்னு ரெண்டு தடவ ஹவுஸ் ஓனர்கிட்ட சண்டை போட்டேனே!"

வாசற்படியில் நின்ற ஹவுஸ் ஓனர், ஒரு மாதமாகப் பட்ட அவமானம் தீர்ந்த முகத்தோடு கீழே இறங்கிப் போனார். அவர் போய் மனைவியிடம் சொல்லிச் சிரித்தது மாடி வரைக்கும் கேட்டது. அக்கா முக்கால் மணி நேரம் ஃபேஷியல் செய்து, பழைய காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசி, ஸ்விட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் பூனைமாதிரி சத்தமில்லாமல் எழுந்தது. நான் வெட்கத்தில் காபி போடப் போனேன்.

எந்த வீட்டிலும் அவர் மிஷின் கட்சிதான். "அது பொய் சொல்லாது. அதுக்கு சொல்லத் தெரியாது" என்பார். ஒரு வீட்டில், கம்ப்யூட்டருக்குப் பூ வேலை செய்த துணி உறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஓடும்போதும் உறையைக் கழற்றுவதில்லை. "இந்த அழகான போர்வைய ஏப்ரல் மத்தியானத்துல நீங்க போத்திகினு உக்காருங்களேன்" என்று அந்த அம்மாவிடமே கொடுத்தார். இன்னொரு வீட்டில் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் காற்று போகிற ஓட்டைகள்மேல் அப்பியிருந்தார்கள். "சாமி கும்புடுங்க, வேணான்னு சொல்லல. மூக்குல ஏன் வெக்கிறீங்க?"

இதெல்லாம் சிரிப்பதற்கு நன்றாக இருந்தது. சிரிக்க முடியாத வீடும் ஒன்று உண்டு.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர். இதயத்தில் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரை அக்கா திறந்தபோது நானும் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அதற்குள் சனிக்கிழமைகளில் அக்காவோடு கிளம்பிவிடுவது என் வழக்கமாகியிருந்தது. "சாக்ஸுல மாட்டினவன் போலீசுல சேந்துட்டான்" என்று ரேவதி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று உள்ளே தூசி பழுப்பாக இருந்தது. பிரஷ்ஷுக்கு வரவில்லை, பிசின்போல் ஒட்டியது. அக்கா விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"யாரு இந்த ரூம்ல சிகரெட் புடிக்கிறது?"

மகன் இல்லை என்றான். மருமகள் இல்லை என்றாள். பெரியவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார். பெரியவரின் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டார். அந்த அம்மா கத்தவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நாங்கள் வேலையை முடித்துக் கிளம்பினோம்.

தெருவுக்கு வந்ததும் நான் கேட்டேன். "அக்கா, அவரைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"தனியா சொன்னா தனியா மறுபடியும் புடிப்பாரு."

அந்தப் பெரியவர் இரண்டு மாதம் அக்காவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார். நான் அதைச் சொன்னபோது அக்கா தோளைக் குலுக்கினார். "எங்கிட்ட பேசலன்னா இன்னா, மூச்சு வுட்டுகினு நடக்கிறாரு இல்ல?" சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு பயம் வந்துவிட்டது. இப்படி ஊரில் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்கிறாரே, என்றைக்காவது ஊர் இவரை நிற்கவைத்துக் கேட்டால் என்ன செய்வார் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்ததில் கொஞ்சம் ஆசையும் இருந்தது. சாக்ஸ் விஷயம் அவ்வளவு சுலபமாக ஆறவில்லை.

அந்த நாள் ஓர் ஏப்ரல் சனிக்கிழமை வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சங்கத்துப் படிப்பகம் உண்டு. அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டரில், கலைவாணி என்று ஒரு பெண் சாயங்காலங்களில் உட்கார்ந்து ஜனங்களுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பாள். பகலில் வீட்டில் தையல், சாயங்காலம் இது. சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, காலேஜ் பிள்ளைகளின் உதவித்தொகை எல்லாம் அவள் கையில்தான். அந்த வாரம் முப்பது பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்கள் பாதி முடிந்து நின்றன. அவர்களுடைய சான்றிதழ்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள். திங்கட்கிழமை கடைசி நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் செத்துவிட்டது.

சங்கத் தலைவர், பெரிய ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கலைவாணி கண்ட கண்ட பென் டிரைவைச் சொருகிக் கெடுத்துவிட்டாள் என்றும், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் வரவேண்டாம் என்றும் கமிட்டிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். கலைவாணி அழாமல் நேராக அக்காவுக்குப் போன் செய்தாள்.

நாங்கள் போனபோது கமிட்டி ஆட்கள் நான்கு பேர், பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் சிலர், ஓரமாகக் கலைவாணி. மேஜைமேல் மானிட்டரும் கீபோர்டும் இருந்தன. பெட்டியைக் காணோம்.

"சிபியூ எங்க?"

தலைவர் பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். படிப்பகத்தின் மூலையில், முன்னொரு காலத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்திய கண்ணாடிக் கூண்டு அப்படியே நின்றது. ஓர் ஆள் ஸ்டூல் போட்டு உட்காரலாம், இரண்டு ஆள் இடித்துக்கொண்டு நிற்கலாம். தலைவர் பெட்டியை அதற்குள் வைத்து, மானிட்டர், கீபோர்டு, பென் டிரைவ் ஒயர்களை மட்டும் சின்ன ஓட்டை வழியாக வெளியே விட்டு, கதவைப் பூட்டிவிட்டார். "திருட்டு போகக்கூடாது, தூசி படக்கூடாது. அஞ்சு வருஷமா நான் தவிர யாரும் இந்தக் கதவைத் தொட்டதில்ல" என்றார்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து அடுப்பு வாய்போல ஓர் அனல். பெட்டிக்குக் கடையில் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பாதி கழற்றாமல் இருந்தது. அதற்கு மேலே மரியாதையாக ஒரு பொன்னாடை. தலைவருக்கு யாரோ போர்த்தியது. ஒயர் ஓட்டை வழியாக விசிறி தெருத்தூசியை எல்லாம் இழுத்து, கூண்டின் தரையில் ஒரு விரல் உயரத்துக்குச் சேர்த்துவைத்திருந்தது.

அக்கா "யாரு?" என்று கேட்கவில்லை. சாவியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

"தலைவரே, நீங்க தூசிய வெளிய வச்சி பூட்டல. உள்ள வச்சி பூட்டியிருக்கீங்க."

"கூண்டுல என்னம்மா குறை? காத்து நல்லாத்தான் இருக்கு. நான் முப்பது வருஷம் ஃபர்னேஸ் பக்கத்துல நின்னவன்."

"அப்படியா? அப்ப பத்து நிமிஷம் உள்ள உக்காந்து காட்டுங்களேன்."

கமிட்டிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் தலைவரை உள்ளே தள்ளியது. பெட்டியை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்ததும், அவரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். அக்கா பொன்னாடையை உதறி அவர் தோளில் போர்த்தினார். "அது இப்படித்தான் உக்காந்திருந்துச்சு." கதவைச் சாத்தினார்.

மேற்கு ஜன்னல் வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. ஒருவர் செல்போனில் நேரம் பார்த்தார். அக்கா பெட்டியைத் திறந்து ஃபேஷியல் ஆரம்பித்தார், நான் டார்ச் பிடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. பிரஷ்ஷை ஒரு சுழற்று, கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை.

"தலைவரே, காத்து வருதா?"

தலைவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"நாலு நிமிஷம் ஆய்த்து தலைவரே. ஃபேன் சத்தம் உங்ககிட்ட இருந்து வருது!"

கமிட்டியே விழுந்து விழுந்து சிரித்தது. அழுதுவிடுவாள் போலிருந்த கலைவாணிகூடத் தையல் டேப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே விசிறியைக் கழற்றினார், தட்டினார், துடைத்தார், பேஸ்ட் பூசினார், திரும்ப மாட்டினார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில், விசிறிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒயர் எங்கேயும் சொருகாமல் தொங்குவதைப் பார்த்தேன். ஏதோ உபரி ஒயர் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டால் அத்தனை பேர் முன்னாலும் "இன்ஜினியருக்கு இதுகூடத் தெரியல" என்பார் என்றும் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பத்தாவது நிமிடம் தலைவர் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"உள்ள கொஞ்சம் சூடாத்தான் இருக்கு."

"கொஞ்சமா?"

"நெறயவே." பிறகு, யாரும் கேட்காமலேயே, கலைவாணியைப் பார்த்துச் சொன்னார். "தப்பு எம்மேலதாம்மா. நீ எப்பவும் போல வந்துரு."

கைதட்டல். அக்கா ஸ்விட்சைப் போட்டார். திரை வெளிச்சமானது. மறுபடி கைதட்டல். கலைவாணி ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இரண்டு நிமிடத்தில் திரை இருண்டது.

"அரே, இது இன்னா" என்று அக்கா மறுபடி போட்டார். ஒரு நிமிடம் ஓடி அணைந்தது. மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தியபோது அவர் விரலில் கோபம் இருந்தது. உள்ளேயிருந்து தீய்ந்த வாசனை ஒன்று வந்தது. அதற்கப்புறம் பொத்தான் வெறும் பொத்தானாக இருந்தது.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தலைவரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"இப்ப யாரும்மா?" என்றார்.

அக்கா தகட்டைக் கழற்றினார். நான் டார்ச் அடித்தேன். அந்தச் சின்ன ஒயரை அவர் ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தை அன்றைக்குத்தான் அவ்வளவு வெறுமையாகப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் பழைய போர்டு, வோல்டேஜ், விதி என்று பத்துக் காரணம் இருந்தது. நாங்கள் எல்லாரும் நம்பியும் இருப்போம். அவர் எழுந்து நின்றார்.

"நான்தான்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "தூசி எடுக்க ஃபேன் ஒயர கழட்டுனேன், திரும்ப மாட்டல. போர்டு ஏற்கெனவே வெந்துபோய் இருந்துச்சு. அத விசிறி இல்லாம ஓட்டிட்டேன். ரெண்டு தடவ அணஞ்சு அணஞ்சு சொல்லுச்சு. நான் கேக்கல. தலைவர பாத்து சிரிச்சிகினு இருந்தேன்."

"அக்கா, பசங்க சர்டிஃபிகேட்?" என்றாள் கலைவாணி.

அக்கா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். துப்பட்டா நுனியில் துடைத்து என் கையில் வைத்தார். "சூடு இதுக்கு எட்டியிருக்காதுன்னு நெனக்கிறேன். தெரியல. ஓடுங்க தம்பி, ரேவதி மிஷின்ல மாட்டி பாருங்க."

"எனக்கு மாட்டத் தெரியாதேக்கா."

"ரேவதிக்கு தெரியும். போங்க."

முப்பது பிள்ளைகளின் படிப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு தெரு ஓடினேன். ரேவதி எப்போது இதையெல்லாம் கற்றுக்கொண்டாள் என்று கேட்க நேரமில்லை. அவள் பெட்டியைத் திறந்து, இரண்டு ஒயர் மாட்டி, மூன்று நிமிடத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். டிஸ்க் உடனே வரவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு ஃபோல்டர் திறந்தது. பெயர்கள் வரிசையாக இறங்கின. ஒன்று விடாமல் இருந்தன. கலைவாணிக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. "நாளைக்குக் காலையில நம்ம வீட்டுக்கே வந்து உக்காந்து எல்லாத்தையும் முடிக்கச் சொல்லுங்க" என்றாள் ரேவதி.

நான் படிப்பகத்துக்குத் திரும்பியபோது எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் காணோம். கலைவாணி கண்ணால் மூலையைக் காட்டினாள்.

அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் பொன்னாடை. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"உங்க போன் வர்ற வரைக்கும் இங்கயேதான் நின்னாங்க" என்றாள் கலைவாணி. "நல்லபடியா இருக்குன்னு கேட்டதும், அவங்க வீட்டு கம்ப்யூட்டரைச் சங்கத்துக்குக் கொண்டாந்து வைக்கிறேன்னு சொல்லிட்டு, நேரா உள்ள போயிட்டாங்க. தலைவரு வேணாம் வேணாம்னு எவ்வளவோ சொன்னாரு."

தலைவர் அதற்குமேல் பொறுக்கமாட்டாமல் போய்க் கதவைத் திறந்தார். "அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா. போதும், வெளிய வாங்க."

"உங்களுக்கு பத்து, எனக்கு அஞ்சா? மூடுங்க தலைவரே."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கதவு மூடுவதற்குள் கையை வைத்துத் தடுத்தேன்.

"அக்கா, அந்த ஒயர் தொங்கினத நான் பாத்தேன். அப்பவே பாத்தேன். சொல்லல."

டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் ஒரு பக்கமாக நகர்ந்தார்.

"அப்பறம் இன்னாத்துக்கு வெளிய நின்னுகினு கீறீங்க? வாங்க, எடம் இருக்கு."

போனேன். தலைவர் வெகு பிரியமாகக் கதவைச் சாத்தினார். உள்ளே மூச்சுவிட்டால் அந்த மூச்சே திரும்பி மூக்கில் வந்து இடித்தது. அக்கா பொன்னாடையின் ஒரு பாதியை என் தோளில் போட்டார்.

"பாத்ததும் சொல்லியிருக்கலாம் இல்ல தம்பி?"

"நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்கக்கா."

"அதுவும் சரிதான்" என்றார்.

ஐந்து நிமிடம் கழிந்து தலைவர் கதவைத் திறந்தார். அக்கா முகத்தைத் துடைத்தபடி வெளியே போனார். பின்னாலேயே நானும் எழுந்தேன். அவர் திரும்பி, ஒரு கையால் என்னை ஸ்டூலில் அழுத்தி உட்காரவைத்து, மீதிப் பொன்னாடையையும் என்மேல் சுற்றினார்.

"இவரு இப்பதான் வந்தாரு தலைவரே, இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, எனக்காக எடுத்துவைத்திருந்த டீயை எடுத்துக் குடித்தார்.